பீர்க்கங்காயில் என்னதான் இருக்கிறது?

பீர்க்கங்காயின் மருத்துவக் குணங்கள் என்று எங்கே படித்தாலும் ஒரே பட்டியல்தான். ரத்தத்தைச் சுத்தமாக்கும், கண்பார்வையைக் கூர்மையாக்கும், கல்லீரலைக் காக்கும், சர்க்கரையைக் கட்டுப்படுத்தும், தோலுக்கு மினுமினுப்புத் தரும், எடையைக் குறைக்கும். இதில் பீர்க்கங்காய் என்பதை அடித்துவிட்டுச் சுரைக்காய் என்றோ புடலங்காய் என்றோ எழுதினாலும் பட்டியல் அப்படியே பொருந்தும். எல்லாக் காய்க்கும் பொருந்துகிற புகழ் எந்தக் காயைப் பற்றியும் எதையும் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம். எனவே பட்டியலை ஒதுக்கிவிட்டுக் காயையே பார்க்கலாம்.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணை நம் ஊர் உணவியல் வகுப்புகளில் தலைமுறைகளாகப் புழங்குவது. அதன்படி 100 கிராம் பீர்க்கங்காயில் 95 கிராமுக்குச் சற்று மேல் தண்ணீர். மாவுச்சத்து 3.4 கிராம், புரதம் 0.5 கிராம், கொழுப்பு 0.1 கிராம், நார் 0.5 கிராம். கால்சியம் 18 மில்லிகிராம், இரும்பு அரை மில்லிகிராமுக்கும் குறைவு, வைட்டமின் சி 5 மில்லிகிராம். மொத்தம் 17 கலோரி.

இந்த எண்களைத் தேவையோடு வைத்துப் பார்த்தால் பட்டியலின் பெரும்பகுதி நிற்காது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி வளர்ந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பும் 65 மில்லிகிராம் வைட்டமின் சியும் வேண்டும். பீர்க்கங்காயை மட்டும் நம்பி அந்த இரும்பை எட்ட வேண்டுமானால் ஒருத்தி நாள்தோறும் ஒரு மூட்டை காயைத் தின்ன வேண்டியிருக்கும். வைட்டமின் சிக்கு ஒரு கிலோவுக்கு மேல், அதுவும் பச்சையாக. அடுப்பில் ஏறினால் அந்த ஐந்து மில்லிகிராமும் தேயும். கண்பார்வைக்கான கரோட்டின் 100 கிராமில் 33 மைக்ரோகிராம். அதே அட்டவணையில் முருங்கைக்கீரைக்கு 6,780. கண்ணுக்காகச் சாப்பிடுகிறவர் வேலியோரம் நிற்கும் முருங்கையை விட்டுவிட்டுப் பந்தலை அண்ணாந்து பார்ப்பதில் பொருளில்லை.

அப்படியானால் இது வெறும் தண்ணீர்க் காய்தானா? ஆம், அதுதான் அதன் நல்ல குணமும். ஒரு கிண்ணம் கூட்டுக்கு 200 கிராம் காய் போகிறது என்று வைத்துக்கொண்டால் காயின் பங்கு 34 கலோரி. தட்டில் கணிசமான இடத்தைப் பிடித்து, வயிற்றில் கனமான உணர்வைத் தந்து, கணக்கில் ஏறக்குறைய ஒன்றும் ஏற்றாத பொருள். நம் வீடுகளில் மதியச் சாப்பாட்டின் சிக்கல் சோற்றின் அளவு. காய் ஓரத்தில் ஒரு கரண்டி. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல், நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 400 கிராம் காய்கறியும் கீரையும் வேண்டும் என்கிறது. உருளைக்கிழங்கு அந்தக் கணக்கில் வராது. ஒரு கரண்டிப் பொரியலில் 400 கிராம் எட்டாது. வதங்கிப் பாதியாகிவிடுகிற பீர்க்கங்காயில் எட்டும், முகம் சுளிக்காமல். சர்க்கரை நோயாளிக்கு இந்தக் காய் செய்யும் உதவியும் இதுதான்: ரத்தத்தில் போய் எந்த மாயமும் அது செய்வதில்லை, தட்டில் சோறு இருந்த இடத்தில் உட்காருகிறது. அந்த இடம் மாறாமல் மூன்று கரண்டிச் சோற்றுக்குமேல் பீர்க்கங்காயையும் சேர்த்துச் சாப்பிட்டால் அவர் எதிர்பார்க்கிற பலன் கிடைக்காது.

எளிதில் செரிக்கும் என்ற பெயரும் நியாயமானதே. பிஞ்சுக் காயின் சதை பத்து நிமிடத்தில் குழைந்துவிடும். காய்ச்சலிலிருந்து எழுந்தவருக்கும் பல் இல்லாத பெரியவருக்கும் கொடுக்கத் தயங்க வேண்டாத காய்கள் நம் சந்தையில் அதிகமில்லை. சுரை, புடலை, பீர்க்கு மூன்றும் அந்த வரிசை. ‘குளிர்ச்சி’ என்று நாட்டு வைத்தியம் சொல்வதற்கும், சளி பிடித்த வீட்டில் பாட்டிமார் இதை ஒதுக்குவதற்கும் பின்னால் இருப்பது இந்த நீர்த்தன்மைதான் என்று நினைக்கிறேன். சளிக்கும் பீர்க்கங்காய்க்கும் உள்ள உறவை நான் நம்புவதில்லை. ஆனால் பாட்டியோடு வாதாடி வென்றவர் யாரும் இல்லை.

காயிடம் சொந்தச் சரக்கு குறைவு என்பதைச் சமையலறைகள் எண்களுக்கு முன்பே தெரிந்து வைத்திருந்தன. பீர்க்கங்காய் விளைகிற ஊர்களின் சமையலை வரிசையாகப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். எங்கும் இதைத் தனியாக விடுவதில்லை; புரதமோ எண்ணெய் வித்தோ கொண்ட கெட்டியான ஒன்றோடுதான் சேர்க்கிறார்கள்.

தமிழ்நாட்டில் அந்தத் துணை பாசிப்பருப்பு. கூட்டு, கடைசல் என்று பெயர் மாறினாலும் சேர்க்கை அதுதான். 100 கிராம் பாசிப்பருப்பில் 24 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது; காயில் இல்லாததைப் பருப்பு கொடுக்கிறது, பருப்பின் இறுக்கத்தைக் காய் தளர்த்துகிறது. நல்ல கூட்டுக்கு ஒரு விதிதான் முக்கியம்: தண்ணீர் ஊற்றக் கூடாது. பருப்பை முக்கால் பதத்துக்கு வேகவைத்து, அதன் மேல் நறுக்கிய காயைப் போட்டு மூடினால் காய் தன் தண்ணீரிலேயே வெந்துவிடும். குக்கரில் இரண்டையும் ஒன்றாகப் போட்டு மூன்று விசில் விடுகிறவர்களுக்குக் கிடைப்பது கூட்டு அல்ல, கஞ்சி. உப்பைக் கடைசியில் போடுவது இன்னொரு பழக்கம். பானை நிறையத் தெரிகிற காய் கால் பானையாக அடங்கிவிடும். முதலிலேயே கண்ணளவில் உப்புப் போட்டால் கரித்துப் போகும். தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் அரைத்த விழுதும், கடுகு கறிவேப்பிலைத் தாளிப்பும் போதும். இதில் மசாலாப் பொடி போடுகிறவர்களை நான் நண்பர்களாக ஏற்றுக்கொண்டிருக்கிறேன். அவர்கள் கூட்டை அல்ல.

கடலோரத்தில் பருப்பின் இடத்தை இறால் எடுத்துக்கொள்கிறது. சென்னைப் பக்கம் பீர்க்கங்காயோடு பச்சை இறாலையோ, காய்ந்த சென்னாக்குனியையோ சேர்த்துத் தொக்காக வதக்குவார்கள். கடலோர ஆந்திரத்திலும் காய்ந்த இறாலோடு ‘பீரகாய’ ஓர் உறுதியான ஜோடி. இங்கே காயின் சதை செய்யும் வேலை கவனிக்க வேண்டியது. வெந்த பீர்க்கங்காய் பஞ்சு போலச் சாற்றை உறிஞ்சும். இறாலின் உப்பும் வாசமும் இறாலில் இருப்பதைவிடக் காயில்தான் அதிகம் தங்கும். சாப்பிட்டு முடித்தபின் தட்டில் இறால் மிஞ்சி, காய் தீர்ந்திருப்பதை அந்த வீடுகளில் பார்க்கலாம்.

தெலுங்குச் சமையலில் பால் ஊற்றிச் செய்யும் பீர்க்கங்காய்க் கறியும் உண்டு. வெங்காயம், பச்சை மிளகாயோடு காயை வதக்கி, இறக்கும் நேரத்தில் காய்ச்சிய பாலைச் சேர்ப்பார்கள். நம் பால் கூட்டுக்கு நெருங்கிய உறவு. இலங்கையில் பாலின் இடத்தில் தேங்காய்ப்பால். யாழ்ப்பாணத்துப் பால்கறியும் சிங்கள வீடுகளின் வெள்ளைக் கறியும் இந்தக் காய் விஷயத்தில் ஒரே பாதையில் நடக்கின்றன.

வங்காளிகளின் ‘ஜிங்கே போஸ்தோ’தான் என் கணிப்பில் பீர்க்கங்காய்க்கு நேர்ந்த மிகச் சிறந்த சேர்க்கை. பாங்குரா, பீர்பூம், பர்தமான் பக்கத்து வெக்கையான மேற்கு வங்கத்தின் உணவு இது. ஊறவைத்துப் பச்சை மிளகாயோடு அரைத்த கசகசா விழுதில், கடுகெண்ணெய் விட்டு, பீர்க்கங்காயைச் சுருள வேகவைப்பார்கள். சில வீடுகளில் உருளைக்கிழங்கும் சேரும். பழைய சோற்றோடும் சுடுசோற்றோடும் உண்பார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி அபினிக்காக கசகசாச் செடியைப் பயிரிட வைத்தபோது, பால் எடுத்த பின் மிஞ்சிய விதையிலிருந்து இந்தச் சமையல் வளர்ந்தது என்று உணவு வரலாறு எழுதுகிறவர்கள் சொல்வதுண்டு. 100 கிராம் கசகசாவில் 1,500 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். காயில் 18. யார் யாருக்கு உதவுகிறார்கள் என்பதில் சந்தேகமில்லை. (வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கிறவர்கள் இந்தச் செய்முறையை அங்கே முயல வேண்டாம், பெட்டியில் கசகசாவோடு இறங்கினால் அங்கே சிறைவாசம்கூட நேரலாம்.)

ஒடிசாவில் இதே காய் ‘ஜன்ஹி’. அங்கே பூவுக்கும் மரியாதை உண்டு: ஐப்பசியை ஒட்டி வரும் ஜன்ஹி ஓஷா நோன்பில் சிறுமிகள் துளசிமாடத்துக்குப் பீர்க்கம்பூ வைத்து வழிபடுவார்கள். இன்னும் கிழக்கே போனால் தாய்லாந்தில் முட்டையோடு வதக்குகிறார்கள். பிலிப்பைன்ஸில் மிசுவா என்ற மெல்லிய கோதுமைச் சேமியாவோடு, பல வீடுகளில் டப்பா மத்தி மீனையும் போட்டு, சூப்பாகக் குடிக்கிறார்கள். பருப்பு, இறால், பால், கசகசா, முட்டை, மத்தி என்று துணைகள் மாறுகின்றன, வழி ஒன்றுதான். ஒருவரை ஒருவர் பார்த்துக் கற்றதாகத் தோன்றவில்லை. காயின் தன்மையே எல்லோரையும் அந்தப் பக்கம் தள்ளியிருக்க வேண்டும்.

பஜ்ஜியைச் சொல்லாமல் விட்டால் கர்நாடகத்தார் கோபித்துக்கொள்வார்கள். வட்டமாகச் சீவிய காயைக் கடலைமாவில் தோய்த்துப் பொரிப்பது அங்கே மழைக்கால மாலையின் கட்டாயம். அதே வட்டத்தை அரிசியும் மிளகாயும் அரைத்த மாவில் தோய்த்துத் தோசைக்கல்லில் நெருக்கமாக அடுக்கிச் சுடும் ‘ஹீரேகாயி தோசெ’ இன்னும் நல்ல யோசனை, எண்ணெயும் குறைவு. பஜ்ஜியில் 17 கலோரிக் காயின் கதை முடிந்துவிடுகிறது என்பதை அறிந்தே சாப்பிட வேண்டும். அறிந்து சாப்பிடுவதில் தவறில்லை.

இனி தோல். இந்தக் காயின் மேல் நீளவாக்கில் பத்து வரம்புகள் ஓடுகின்றன. சீவி எறிவது அவற்றையும் அவற்றுக்கு இடைப்பட்ட பச்சைத் தோலையும்தான். நாரும் நிறமும் அதிகம் இருப்பது அங்கேதான் என்பதால், சத்தென்று பேசுகிறவர் முதலில் குப்பைக்கூடையைப் பார்க்க வேண்டும். தமிழ்வீட்டில் அது துவையலாகும். நல்லெண்ணெயில் உளுத்தம்பருப்பும் மிளகாய் வற்றலும் பெருங்காயமும் வறுத்து எடுத்து, அதே சட்டியில் தோலைப் பச்சை வாடை போகும்வரை நிதானமாக வதக்கி, புளியும் உப்பும் சிறிது தேங்காயும் வைத்துக் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். அவசரப்பட்டு வதக்கினால் மிக்ஸியில் எவ்வளவு ஓட்டினாலும் திப்பி திப்பியாக நிற்கும். மகாராஷ்டிரத்தில் வரம்புகளை மட்டும் சீவி, எள்ளும் கொப்பரையும் சேர்த்து மொறுமொறுவென்று வறுத்து, ஈரமில்லாத சட்னியாகச் செய்கிறார்கள். பாக்ரி ரொட்டியோடு உண்பது. அது சில நாள் கெடாமலும் இருக்கும். ஆந்திரத்து பீரகாய பச்சடியில் பல வீடுகளில் தோலும் சதையும் ஒன்றாகவே போகும்.

தோல் விஷயத்தில் ஒரு தயக்கமும் நியாயமானது. பீர்க்கங்கொடிக்குப் பெரிய எதிரி பழ ஈ. பிஞ்சில் துளையிட்டு முட்டை வைக்கும். காய் கோணி, உள்ளே புழுத்துப் போகும். இனக்கவர்ச்சிப் பொறி வைத்துக் கட்டுப்படுத்த முடியும் என்றாலும், அறுவடை நாள் நெருங்கும்போதும் மருந்து அடிக்கிற தோட்டங்கள் இருக்கின்றன. வாங்கிய காயை ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுவது மேலே படிந்ததில் ஒரு பகுதியைத்தான் போக்கும். யார் தோட்டத்துக் காய் என்று தெரிந்தால் தோலைத் தாராளமாகத் துவையலாக்கலாம். தெரியாவிட்டால் முடிவு உங்கள் கையில்.

மருத்துவம் என்று சொல்லப்படுவதில் மூன்று விஷயங்கள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. முதலாவது ஆய்வகம். எலிகளுக்கு நீரிழிவை உண்டாக்கி, பீர்க்கங்காயிலிருந்து ஆல்கஹால் கொண்டு பிரித்த சாரத்தைக் கொடுத்து, சர்க்கரை குறைந்ததாகக் காட்டிய ஆய்வுகள் உண்மையிலேயே உண்டு. ஆனால் அங்கே கொடுக்கப்படுவது கூட்டு அல்ல. உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நூற்றுக்கணக்கான மில்லிகிராம் சாரம். காயின் தண்ணீரெல்லாம் போய் வடிகட்டிய சத்து. அதை வைத்து ‘பீர்க்கங்காய் சர்க்கரையைக் குறைக்கும்’ என்று தலைப்பிடுவது பெரிய தாவல். மாத்திரையை நிறுத்திவிட்டுக் காயை நம்புகிறவர்களுக்கு அந்தத் தாவல் ஆபத்தாகவும் முடியும்.

இரண்டாவது, பேய்ப்பீர்க்கு. வேலியில் தானாகப் படரும் கசப்பு வகை. நாட்டு மருத்துவத்தில் வாந்தி எடுக்க வைக்கவும் பேதிக்கும் பயன்பட்டது இதுதான். மஞ்சள் காமாலைக்குக் கசப்புப் பீர்க்கின் சாற்றை மூக்கில் விடும் பழக்கமும் நாட்டின் சில பகுதிகளில் உண்டு. மூக்கிலிருந்து மஞ்சளாக நீர் கொட்டுவதைப் பார்த்து நோய் இறங்குகிறது என்று நம்புகிறார்கள். கொட்டுவது புண்பட்ட சவ்வின் நீர். காமாலை கல்லீரலில் இருக்கிறது. பேய்ப்பீர்க்கின் இந்த மருந்துப் பெயர்தான் நாம் சமைக்கும் கறிப்பீர்க்குக்கும் இனாமாக வந்து ஒட்டிக்கொண்டது என்பது என் ஊகம்.

மூன்றாவது, பச்சைச் சாறு. இங்குதான் உண்மையான எச்சரிக்கை தேவை. வெள்ளரிக் குடும்பத்துச் செடிகள் பூச்சியையும் விலங்கையும் விரட்டக் குகர்பிட்டசின் என்ற கசப்பு நஞ்சைச் செய்துகொள்கின்றன. மனிதர் தேர்ந்தெடுத்துப் பயிரிட்ட வகைகளில் அது மிகக் குறைவு. கடும் வறட்சியில் வளர்ந்த கொடியிலும், கசப்பு வகையோடு கலந்த விதையிலிருந்து வந்த கொடியிலும் அது திரும்பி வந்துவிடும். சுரைக்காய்ச் சாறு குடித்தவர்கள் இந்தியாவில் கடும் வாந்தி, ரத்தப்போக்கோடு மருத்துவமனை சேர்ந்ததும், சிலர் இறந்ததும் பதிவாகியிருக்கின்றன. 2010இல் டெல்லியில் நேர்ந்த ஒரு சாவுக்குப் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதை ஆராய ஒரு குழு அமைத்தது. சாறு எடுக்குமுன் ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்க்க வேண்டும், கசந்தால் எறிந்துவிட வேண்டும், வேறு சாற்றோடு கலந்து குடிக்கக் கூடாது, குடித்தபின் குமட்டலோ வயிற்றுவலியோ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பவை அந்தக் குழு சொன்னவை. இதற்கு மாற்று மருந்து கிடையாது. ஜெர்மனியில் 2015இல் வீட்டுத் தோட்டத்துச் சுக்கினிக் காயைச் சமைத்துச் சாப்பிட்ட முதியவர் ஒருவர் இறந்தார். அடுப்புச் சூட்டில் இந்த நஞ்சு அழியாது என்பதற்கு அது சாட்சி.

பீர்க்கங்காய்க்கும் இதே விதி. கசக்கும் காயை உப்பில் ஊறவைத்தோ, புளி கூட்டியோ, வெல்லம் போட்டோ சரிக்கட்டுகிற கைவேலை பாகற்காயோடு நிற்கட்டும். பாகற்காயின் கசப்பு வேறு. நறுக்கும்போது காம்புப் பக்கத்திலிருந்து ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பார்ப்பது நம் வீடுகளில் இருந்த பழக்கம்தான். வெள்ளரிக்கு இன்னும் செய்கிறோம். பீர்க்குக்கும் சுரைக்கும் மறந்துவிட்டோம். ‘உடம்புக்கு நல்லது’ என்று கண்ணை மூடிக்கொண்டு கசப்பை விழுங்கும் புதுப் பக்குவம்தான் இதில் ஆபத்து. அந்தக் கசப்பு உள்ளே போவதைத் தடுக்கத்தான் நாக்கு இருக்கிறது.

மாடித் தோட்டக்காரர்கள் இதில் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பக்கத்து வேலியில் பேய்ப்பீர்க்கு இருந்தால் அதன் மகரந்தம் உங்கள் பூவுக்கு வந்து சேரும். இந்தப் பருவத்துக் காய் அதனால் கசக்காது. காயின் சதை தாய்க்கொடியினுடையது. அதன் விதையை எடுத்து வைத்து அடுத்த பருவத்தில் ஊன்றினால் வரும் கொடியில்தான் கசப்பு தலைகாட்டும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 1, கோ 2, பெரியகுளத்தின் பி.கே.எம். 1, பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா சுமீத் என்று நம்பகமான விதைகள் இருக்கின்றன. ஆடியிலும் தையிலும் ஊன்றலாம். ஆண்பூவாகவே கொட்டுகிறது என்று புலம்புகிறவர்களுக்கு ஒரு தகவல்: கொடி முதலில் ஆண்பூவைத்தான் விடும். பெண்பூவைக் கூட்ட, விதைத்த 15ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறையாக நான்கு முறை எத்ரல் என்ற வளர்ச்சி ஊக்கியின் கரைசலைத் தெளிக்கச் சொல்கிறது பல்கலைக்கழகம், 10 லிட்டர் தண்ணீருக்கு 2.5 மில்லி கணக்கில். வீட்டுக்கு இரண்டு கொடி வைத்திருப்பவருக்கு அது வேண்டாம். பொறுத்தால் தானாக வரும். தேனீ வரவில்லையே என்று பகலில் காத்திருப்பதும் வீண். கறிப்பீர்க்கு மாலையில் மலர்கிறது; இருட்டியபின் வரும் அந்துப்பூச்சிகள் அதற்கு விருந்தாளிகள்.

அந்த மாலைப் பூவைச் சங்கப் புலவர்கள் நன்றாகவே பார்த்திருக்கிறார்கள். பிரிவில் வாடும் பெண்ணின் நெற்றியில் படரும் பசலைக்கு அவர்கள் தேடிய நிறங்களில் பீர்க்கம்பூவின் மஞ்சளும் ஒன்று. குறுந்தொகையின் 98ஆம் பாடலில் கோக்குள முற்றனாரின் தலைவி, தன் நிலையைத் தலைவனிடம் சொல்ல யாராவது போவதானால் தோட்டத்தில் மழையில் பூத்த பீர்க்கம்பூக்கள் சிலவற்றையும் எடுத்துப் போகட்டும் என்கிறாள். பூ மட்டுமே பாட்டுக்கு வந்தது. காயைப் பற்றி அவளுக்கு அப்போது அக்கறை இருந்திருக்காது.

சந்தையில் காய் பார்ப்பவர்களுக்கு நீளம் ஒரு பொருட்டல்ல. கோ 2 போன்ற வகை மூன்றடியை நெருங்கியும் பிஞ்சாக இருக்கும். குட்டைக் காய் முற்றியும் கிடக்கும். கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனம் தெரிய வேண்டும், ஏனென்றால் கனம்தான் தண்ணீர். நுனியை லேசாக வளைத்தால் வளைந்து கொடுக்க வேண்டும். வரம்பில் நகம் இறங்க வேண்டும். கடைக்காரர் முறைத்தாலும் இந்தச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது. நிறம் வெளுத்து, தூக்கினால் இலேசாக, உலுக்கினால் உள்ளே விதை ஆடுகிற காய் கூட்டுக்கும் ஆகாது, துவையலுக்கும் ஆகாது. அதைக் கொடியிலேயே விட்டுக் காயவைத்தால் முதுகு தேய்க்க ஒரு நார்க்கூடு கிடைக்கும். ஆனால் அதற்கு இன்னொரு வகையான நுரைப்பீர்க்குத்தான் வாகு. கறிப்பீர்க்கின் நாரைத் தோலிலிருந்து உரித்தெடுக்கக் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.